கருப்பன் சாட்சியாக மாதா கோயில் மணி

எங்கள் ஊர் மாதா கோயிலில் தினம் மூன்று வேளை மணி அடிக்கும். விடியலில் ஒன்று, உச்சியில் ஒன்று, பொழுது சாயும்போது ஒன்று. அது கேட்டதும் வேதக்காரர்கள் நின்ற இடத்தில் நின்று ஜெபம் சொல்வார்கள். வேதத்தில் சேராத இரண்டு பேர் மண்வெட்டியைத் தேடுவார்கள். இந்த இரண்டாவது வழக்கம் ரோமாபுரியில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் அந்த வருஷம் பெரிய வியாழக்கிழமையன்று கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

ஊர் கோச்சடைக்கு மேற்கே ஆற்றை ஒட்டிக் கிடப்பது. பங்குனி வந்துவிட்டால் வைகையில் மணல்தான் ஓடும். அந்த மணலைக் கிளறி ஊற்றைத் திறந்து, கசிகிற தண்ணீரைச் சின்ன வாய்க்காலாக இழுத்து வருவார்கள். ஊற்றுக்கால் என்று பேர். அது வந்து நிற்கிற மடையில் மண்ணை ஒரு பக்கம் வெட்டிப் போட்டால் தண்ணீர் ஒச்சம்மாளின் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போகும். மறுபக்கம் போட்டால் நல்லகாமனின் எள்ளுக்காட்டுக்குப் போகும். ஆளுக்குப் பாதி. எனக்கு அதில் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. என் வீடு மாதா கோயிலுக்கு எதிரே, மடைக்குப் போகிற பாதையில் இருக்கிறது. அவ்வளவுதான் என் பாத்தியதை. அதை நான் குறைவில்லாமல் அனுபவித்தேன்.

முன்பெல்லாம் நிழலைப் பார்த்துத்தான் முறை மாற்றினார்கள். நல்லகாமனின் நிழல் ஒரு விசேஷமான நிழல். தண்ணீர் அவரிடம் இருக்கும்போது நீண்டுகொண்டே போகும். ஒச்சம்மாளிடம் இருக்கும்போது சடக்கென்று சுருங்கிவிடும். இருந்தாலும் அவள் புருஷன் முத்திருளன் உயிரோடு இருந்தவரை சத்தத்தோடு சரி. முந்தின ஆனியில் அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிகிறவரை ஒச்சம்மாள் வாசற்படியைத் தாண்டவில்லை. அத்தனை நாளும் தண்ணீர் நல்லகாமன் பக்கமே போனது. ஊர்க்கூட்டத்தில் கேட்டதற்கு அவர் முகத்தை வெகு சாதுவாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"துக்க வீட்டுக்காரி மடைக்கு வரமாட்டா. தண்ணி வீணாப் போகுதேன்னு மனசு கேக்கல. திருப்பிக்கிட்டேன்."

ஒச்சம்மாள் அழவில்லை. "இனிமே எனக்கு நெழலு வேணாம். பொய் சொல்லாத சாமான் ஏதாச்சும் வைங்க" என்றாள். பொய் சொல்லாத சாமான் என்று யோசித்துப் பார்த்ததில் ஊருக்குள் மாதா கோயில் மணி ஒன்றுதான் தேறியது. மணி அடித்தால் மடை மாற வேண்டும்; மணி அடிக்காமல் மடையிலோ வாய்க்காலிலோ யாரும் கையோ மண்வெட்டியோ வைக்கக் கூடாது. இப்படித் தீர்மானித்து, ஊர்க் கருப்பசாமி கோயிலுக்குப் போய், பூசாரி பேயாண்டி கற்பூரம் ஏற்ற, இரண்டு பேரும் உள்ளங்கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். மாதா கோயில் மணிக்குக் கருப்பன் சாட்சி. கற்பூரத்தை அணைத்த பிறகு எங்கள் ஊரில் எவனும் வாக்குத் தவறியதில்லை. தவறிய ஒருவன் இருந்தான், அவன் கதையை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

இந்த ஏற்பாடு ஆடியிலிருந்து மாசி வரைக்கும் அழகாக நடந்தது. தகராறு இல்லை. தகராறு இல்லாததால் எனக்குத்தான் பொழுது போவது சிரமமாக இருந்தது.

தை மாதம் கோயிலுக்கு ஒரு புதுச் சாமியார் வந்து தங்கினார். அதுவரைக்கும் பட்டணத்திலிருந்து எப்போதாவது ஒருவர் வண்டியில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். பெரிய திருநாட்களுக்கு வேதக்காரர்கள்தான் பட்டணத்துக்குப் போவார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சந்தியாகு, திண்டுக்கல் பக்கத்து மனுஷன், மழையோ வெயிலோ கயிற்றை இழுத்து மணி அடித்துக்கொண்டிருப்பார். புதுச் சாமியார் இளவயசு. எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்கிறவர். சந்தியாகு பூசைக்கு வெற்றிலை மென்றபடி நிற்பதை முதல் வாரமே நிறுத்திவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பங்குனி பிறந்த முதல் ஞாயிறு, கோயிலுக்குள் எட்டிப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாதா, சூசையப்பர், சிலுவை, ஒன்று விடாமல் எல்லாச் சுரூபத்தையும் ஊதாத் துணி போட்டு மூடியிருந்தார்கள். சந்தியாகுவிடம் விசாரித்தேன்.

"என்னண்ணே, சாமிக்கெல்லாம் அம்மை போட்டிருக்கா?"

"வாயக் கழுவுங்க. ஆண்டவரு பட்ட பாடுகளோட காலம். அப்படித்தான் மூடணும்."

"எதுக்கு மூடணும்?"

"மூடணும்னு சாமி சொன்னாரு, மூடுனேன்" என்றார் சந்தியாகு. அவருக்கும் தெரியவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

அப்புறம் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழக்கிழமை வந்தது. விடியல் மணிக்கு முறைப்படி ஒச்சம்மாள் மடையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெயில் ஏறுகிற நேரம். காலைப் பூசை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று மணி அடித்தது. எப்படி! ஊரில் தீப்பிடித்தால்கூட அப்படி அடிக்கமாட்டார்கள். கோபுரத்தில் பெரிய மணி, உள்ளே கைமணிகள், எல்லாம் சேர்ந்து நிற்காமல் அலறின. என் வீட்டுக் கோழிகள் கூரையேறிவிட்டன. நான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போவதா மடைக்குப் போவதா என்று ஒரு கணம் தவித்து, மடைக்கே ஓடினேன்.

நல்லகாமன் எனக்கு முன்பே அங்கே நின்றார். கூடவே அவர் பண்ணையாள் கருத்தக்கண்ணன். அவன் வேதத்தில் சேர்ந்தவன். காலைப் பூசைக்குப் போகக் கேட்டு, மத்தியானம் வேண்டுமானால் போ என்று சொல்லப்பட்டு நின்றவன்.

"மாத்துடா" என்றார் நல்லகாமன்.

கருத்தக்கண்ணன் தலையைச் சொறிந்தான். "அய்யா, இது உச்சி மணி இல்லீங்க. பூசைக்குள்ள அடிக்கிறது."

"சத்தியம் பண்ணயில நீ அங்கன நின்னியா?"

"நின்னேங்கய்யா."

"மணின்னு சொன்னமா, உச்சி மணின்னு சொன்னமா?"

"மணின்னுதான்..."

"அப்ப மாத்து."

கொடிக்காலுக்குள்ளிருந்து ஒச்சம்மாள் ஓடிவந்தாள். இடுப்பில் சொருகிய சேலையில் சேறு. "அண்ணே, இதென்ன அநியாயம்! பொழுது இன்னும் பனைக்கு மேல வரல. பாதிக் கொடிக்குத்தான் தண்ணி பாஞ்சிருக்கு."

"தங்கச்சி, பொழுதப் பத்திப் பேசுனா மறுபடி நெழலுக்குல்ல போகணும்? நெழலு வேணாம்னது நீதான். கருப்பன் கேட்டுக்கிட்டிருக்கான், பாத்துப் பேசு."

கருத்தக்கண்ணன் மண்ணை வெட்டிப் போட்டான். தண்ணீர் எள்ளுக்காட்டுப் பக்கம் திரும்பியது. ஒச்சம்மாள் அது போகிற போக்கைப் பார்த்துவிட்டு, "சரிண்ணே. இப்ப உங்களுக்கு. உச்சி மணி அடிச்சா எனக்கு. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் என்னுதுதான்" என்றாள். நல்லகாமனுக்கு இந்தக் கணக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க நான் ஓடி வந்தது வீண்போகவில்லை.

உச்சியானது. ஒச்சம்மாள் மண்வெட்டியோடு மடையில் நின்றாள். மணி இல்லை. நிழல் காலடியிலிருந்து நழுவி மறுபக்கம் விழுந்தது. மணி இல்லை. கோயில் பக்கமிருந்து டக்கு டக்கு டக்கு என்று என்னமோ ஒரு சத்தம் மட்டும் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் கோயிலுக்கு நடந்தோம்.

வாசலில் சந்தியாகு ஒரு பலகையைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். பலகையில் ஒரு சுத்திக்கட்டை கோத்திருந்தது. ஆட்டினால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கும். சோளக்காட்டில் கிளி விரட்டுகிற சாமான் மாதிரி இருந்தது.

"மணிய அடிக்காம என்னய்யா வெளாட்டு?" என்றாள் ஒச்சம்மாள்.

"மணி அடிக்கக் கூடாதுக்கா. இனிமே சனிக்கிழமை பூசையிலதான். மணியெல்லாம் ரோமாபுரிக்குப் போயிருச்சு."

ஒச்சம்மாள் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தாள். "அங்கனதான தொங்குது."

"தொங்குது. ஆனா போயிருச்சு. அப்படித்தான் சாமி சொன்னாரு."

"ஏன், யாரு செத்தா?"

"ஆண்டவரு."

"அய்யய்யோ. எப்ப?"

"நாளைக்கு."

"நாளைக்குச் சாகப் போறவருக்கு இன்னைக்கே எழவு காக்குறீகளா?"

"வருசா வருசம் இப்படித்தான்க்கா."

"வருசா வருசம் சாவாரா?"

சந்தியாகு கட்டையை இன்னும் வேகமாக ஆட்டினார். அவரால் முடிந்த பதில் அதுதான்.

கட்டை அடித்தாலும் மணி அடித்ததாகத்தான் அர்த்தம், உச்சி ஜெபத்துக்கு இதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு நல்லகாமனிடம் போனோம். அவர் வரப்பில் உட்கார்ந்து, நிறைகிற எள்ளுக்காட்டைப் பார்த்தபடி சொன்னார்: "சத்தியத்துல கட்டை இல்ல."

பேயாண்டியிடம் போனோம். கருப்பன் கோயில் வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். "மணின்னு சொல்லித்தான் கற்பூரத்த அணைச்சீக. நானாக் கட்டையச் சேத்தா அடி எனக்குல்ல விழும்? அவுக சாமி செத்ததுக்கு எங்க சாமிகிட்ட வந்து நேரங் கேக்குறீகளே, நல்லாருக்கா இது?" என்று சொல்லிவிட்டு மறுபடி தீட்ட ஆரம்பித்தார்.

பங்குனி வெயிலில் வெற்றிலைக் கொடி ஒரு நாள் பொறுக்கும். மறுநாள் தலை கவிழும். அதற்கு மேல் தாங்காது. ஒச்சம்மாளுக்கும் அவள் ஒற்றைப் பிள்ளைக்கும் இருப்பதெல்லாம் அந்தக் கொடிக்கால்தான். முத்திருளன் அகத்தி நட்டு, கொடி ஏற்றி, முதல் கிள்ளு கிள்ளுமுன் போய்விட்டான். அதை அவள் ஒற்றை ஆளாக இந்த மட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். பட்டுப்போனால் திரும்ப நட்டு எழுப்ப அவளால் ஆகாது. நிலம் யாரிடம் போகும் என்பது ஊருக்கே தெரியும். நல்லகாமனுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

மத்தியானத்துக்கு மேல் சாமியாரையே கேட்டுவிடலாம் என்று அவள் கிளம்பினாள். துணைக்கு நான் போனேன். வேண்டாம் என்றாள், இருந்தாலும் போனேன்.

உள்ளே கோயில் காலியாகக் கிடந்தது. ஆட்கள் இருந்தார்கள், மற்றதெல்லாம் காலி. காலையில் என் வாசலிலிருந்து பார்த்தபோது பீடத்தில் வெள்ளைத் துணியும் பூவும் இருந்தன. இப்போது வெறும் பலகை. வாசலில் தீர்த்தம் வைக்கிற கல்தொட்டிகூட வற்றிப்போய், அடியில் ஒரு செத்த பூச்சி கிடந்தது. ஒச்சம்மாள் அதில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இவுக சாமிக்கே தண்ணியில்ல போல" என்றாள்.

நடுவில் ஒரு பெஞ்சியில் பன்னிரண்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் கருத்தக்கண்ணன். காட்டிலிருந்து நேரே வந்திருக்கிறான், முழங்கால்வரை சேறு. மற்றவர்கள் வீட்டிலேயே காலைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தச் சாமர்த்தியம் அவனுக்கு வரவில்லை. சாமியார் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவன் முன்னாலும் மண்டியிட்டுக் காலைக் கழுவித் துடைத்து முத்தம் வைத்தார். நான் பக்கத்தில் நின்றவரிடம், "இவர் ஏதும் தப்புப் பண்ணிட்டாரா? அபராதமா?" என்று கேட்டேன். அவர் என்னை முறைத்தார். கருத்தக்கண்ணனிடம் வந்தபோது அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். சாமியார் விடவில்லை. தாம்பாளத் தண்ணீர் கலங்கிக் கறுத்தது.

"அது என் தண்ணி வெட்டுன சேறு" என்று ஒச்சம்மாள் முணுமுணுத்தாள். ஆனால் கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. அவளும் நானும் ஒரு பண்ணையாள் காலில் வேறொருவர் குனிந்து அதுவரை பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்து சாமியார் வெளியே வந்ததும் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கருப்பன், கற்பூரம் என்ற இடங்களில் புருவத்தைக் கொஞ்சம் தூக்கினார். ஆனால் குறுக்கே பேசவில்லை.

"அம்மா, எங்களுக்கு மணி என்பது சந்தோஷத்தின் வாய். இந்த இரண்டு நாள் அது திறக்கக் கூடாது. இது துக்க வீடு" என்றார்.

"யாரு துக்கம்னாலும் கொடி தண்ணி கேக்குமே சாமி?"

"உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன்" என்றார். அதைக் கொடிக்காலுக்குப் பாய்ச்ச முடியுமா என்று அவள் கேட்கவில்லை. "வாரேன் சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தாள்.

சத்தியம் மடைக்கும் வாய்க்காலுக்கும்தான், குடத்துக்கு இல்லை. அன்றைக்கும் மறுநாள் காலையிலும் அவள் ஆற்று ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். குடத்துத் தண்ணீர் கொடிக்காலுக்குப் பொட்டு வைத்த மாதிரி. ஓர் ஓரத்துக் கொடி நிமிர்ந்தால் நாலு ஓரம் துவண்டது.

வெள்ளிக்கிழமை காலையில்தான் நல்லகாமனின் சத்தம் கேட்டது. எள்ளுக்கு ஒரு நனைப்புப் போதும். நின்ற தண்ணீர் அதற்கு ஆகவே ஆகாது. அவர் காடோ சட்டி மாதிரிப் பள்ளம். ஒரு பக்கம் ரோட்டுக் கரை. மற்ற பக்கமெல்லாம் வரப்பைப் போன வருஷம்தான் இடுப்பு உயரத்துக்கு எழுப்பியிருந்தார், ஒரு சொட்டும் கசிந்து பிறத்தியாருக்குப் போகக் கூடாது என்று. இப்போது ஒரு சொட்டும் கசியவில்லை. வரப்பை வெட்டிவிட்டாலும் பள்ளத்துத் தண்ணீர் மேடேறிப் போகாது. நேற்று முற்பகலிலிருந்து ஊற்றுக்கால் முழுதும் உள்ளே. பூ வைத்த எள்ளு கணுக்கால் தண்ணீரில் நின்று மஞ்சளடித்து வாடிக்கொண்டிருந்தது. மடையை அடைக்க வேண்டும். மண்வெட்டி வைக்கக் கூடாது. மணி அடிக்கவில்லை.

அவர் ஒச்சம்மாளைத் தேடி வந்தார். நான் தற்செயலாக அங்கே இருந்தேன்.

"தங்கச்சி, நேத்து நீ சொன்னத யோசிச்சேன். கட்டையும் மணி மாதிரிதானே? மணிக்குப் பதிலாத்தான அடிக்கிறாக?"

ஒச்சம்மாள் குடத்தை இறக்கினாள். "சத்தியத்துல கட்டை இல்லண்ணே."

"அட, நாம ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா..."

"நாம ஒத்துக்கலாம். கருப்பன யாரு ஒத்துக்க வைக்கிறது? அடி விழுந்தா உங்களுக்கு எள்ளு போகும். எனக்கு இருக்குறது ஒத்தப் பிள்ளை."

அது வாயடைக்கச் சொன்னது இல்லை. நிஜமாகவே பயந்தாள். அவரும் பயந்தார். இரண்டு பேருமே கற்பூரத்தைக் கையால் தொட்டு அணைத்தவர்கள். மடைக்கு இந்தப் பக்கம் ஒருவர் காய்ந்துகொண்டும் அந்தப் பக்கம் ஒருவர் அழுகிக்கொண்டும், நடுவில் தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டும் இருந்தது.

அன்று மத்தியானம் கோயிலில் பூசை இல்லை. பூசை மாதிரி வேறு ஏதோ இருந்தது. ஒச்சம்மாள் குடத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்ப் பெண்கள் பக்கத்தில் கடைசியாக உட்கார்ந்தாள். எதற்குப் போனாள் என்று எனக்குப் புரியவில்லை. மணி எப்போது அடிப்பார்கள் என்று கண்காணிக்கவாக இருக்கும் என்று நினைத்தேன். சாமியார் செருப்பில்லாமல் வந்து பீடத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஒரு பெரிய சிலுவையை எடுத்து, அதன்மேல் கிடந்த ஊதாத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார். முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு முகம். பிறகு எல்லாம். ஒவ்வொரு தடவையும் ஏதோ பாடினார். அந்தப் பாஷை அவருக்கும் அவர் கடவுளுக்கும் மட்டும் தெரிந்தது. சந்தியாகு தெரிந்த மாதிரி நின்றார். பிறகு சிலுவையைத் தரையில் கிடத்தினார்கள். ஜனங்கள் வரிசையாகப் போய் முழங்காலிட்டு அதன் காலில் உதடு பதித்து முத்தி செய்தார்கள். பெண்கள் தமிழில் இழுத்துப் பாட ஆரம்பித்தார்கள். தாய் மகனைப் பார்த்து அழுகிற பாட்டு. ராகம் எங்கள் தெருவில் எழவு விழுந்தால் பாடுகிற அதே ராகம்.

ஒச்சம்மாள் பாடவில்லை, முத்தியும் செய்யவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் ஜனங்கள் சத்தமில்லாமல் வெளியேறினார்கள். முற்றத்தில் நல்லகாமன் காத்திருந்தார். மேல்துண்டு இடுப்பில். நான் அவர் துண்டை இடுப்பில் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சாமி, ஒரே ஒரு தட்டு" என்றார். "கயித்த இழுக்கக்கூட வேணாம். ஒரு கல்ல எடுத்து மணி மேல லேசாத் தட்டுனாக்கூடப் போதும். எனக்கு மட்டும் இல்ல. அங்க அந்தப் பொம்பளையோட கொடிக்கால் பூராம் தலை தொங்கிருச்சு. அவளுக்காகவாச்சும்."

தனக்குக் காரியம் ஆக வேண்டும் என்றால் மற்றவர் கஷ்டம் எவ்வளவு தெளிவாகக் கண்ணுக்குத் தெரிகிறது!

முறை முறை என்று உயிரை விடுகிற சாமியார் கோபுரத்தைப் பார்த்தார், பிறகு ஒச்சம்மாளைப் பார்த்தார். காலையில் அவர் கொடிக்கால் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகக் கருத்தக்கண்ணன் அப்புறம் சொன்னான்.

"அம்மா, நீங்களும் கேட்கிறீர்களா?" என்றார். "கேட்டால் நானே மேலே போய்த் தட்டுகிறேன். ஆயருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்."

சந்தியாகு வாயைப் பிளந்தார். நானும்தான். எல்லார் கண்ணும் ஒச்சம்மாள் மேல். ஒரு வார்த்தை சொன்னால் போதும். முறைப்படி மடை அவளுக்கு. கொடிக்கால் அன்றைக்கே பிழைக்கும்.

"வேண்டாம் சாமி" என்றாள்.

நல்லகாமன் பதறினார். "ஏ ஒச்சம்மா, கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒங் கொடி செத்துக்கிட்டிருக்கு!"

"தெரியுதுண்ணே. ஆனா உள்ள பொணம் கெடக்கு." அவள் குரலை உயர்த்தவில்லை. "எழவு வீட்டுக்குப் போயி எங்காரியம் ஆகணும், மங்கள மணி அடிங்கன்னு கேப்பாகளா? எம் புருசன் நடுவீட்டுல கெடந்தப்ப நீங்க மடைய வெட்டிக்கிட்டிருந்தீக. வெட்டுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. துக்கம்னா எல்லாம் நிக்கணும்ண்ணே. எனக்கு நிக்கல. இவுகளுக்காச்சும் நிக்கட்டும்."

குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். சாமியாரிடம் "வாரேன்" என்று சொல்லவில்லை. என்ன மரியாதை இது என்று எனக்கு முதலில் சுருக்கென்றது. பாதி வழி போன பிறகுதான் உறைத்தது. எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள்.

நல்லகாமன் முற்றத்திலேயே நின்றார். துண்டை மறுபடி தோளில் போடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அன்று பொழுது சாய்கிறவரை ஒச்சம்மாள் குடம் சுமந்தாள். கருத்தக்கண்ணனும் கேட்காமலே இரண்டு குடத்தைக் காவடி கட்டிக்கொண்டு போனான். நல்லகாமன் வரப்பிலிருந்து அதைப் பார்த்தார், கூப்பிடவில்லை.

சனிக்கிழமை காலையில் எனக்குத் தர்மசங்கடம். மணி அடிக்கும்போது கோயிலில் இருப்பதா, மடையில் இருப்பதா? ஒரு ஆளுக்கு இரண்டு கண் கொடுத்த கடவுள் அவற்றை ஒரே முகத்தில் வைத்தது பெரிய குறை. முதலில் கோயில், பிறகு மடை என்று முடிவு செய்தேன்.

வாசலில் நெருப்பு மூட்டினார்கள். அதிலிருந்து ஆள் உயர மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். பிறகு படித்தார்கள், படித்தார்கள், படித்துக்கொண்டே இருந்தார்கள். ஒச்சம்மாள் முந்தின நாள் உட்கார்ந்த அதே இடத்தில் இருந்தாள். மண்வெட்டி இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. அவள் பக்கம் போய், "மடைக்குப் போகலயா? மணி அடிச்ச ஒடனே மாத்த வேணாமா?" என்று கிசுகிசுத்தேன்.

"சும்மா இருங்க தம்பி. செத்தவரு எந்திரிக்கிறத இதுவரைக்கும் பாத்ததில்ல."

அப்போது சாமியார் பீடத்திலிருந்து உரக்க என்னமோ பாடினார். சந்தியாகு கயிற்றில் தொங்கினார். மணி அடித்தது. கைமணிகள் அடித்தன. அதே நேரத்தில் ஊதாத் துணிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மாதா, சூசையப்பர், எல்லாரும் ஊருக்குப் போய்வந்தவர்கள் மாதிரி முகம் காட்டினார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. செத்தவர் எங்கே எழுந்தார் என்று நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஒச்சம்மாளுக்கு என்ன தட்டுப்பட்டதோ, கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் மடைக்கு ஓடினேன். அங்கே நல்லகாமன் கருத்தக்கண்ணனுக்குக்கூடக் காத்திராமல் தானே சேற்றில் இறங்கி வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடிக்கால் பக்கம் திரும்பி, வெடித்த மண்ணில் சுர்ரென்று இறங்கியது. "எங்கய்யா அவ? அவ தண்ணிய அவ வந்து எடுத்துக்கிட மாட்டாளா?" என்று அவர் கத்தினார். முழங்கால்வரை சேறு.

பூசை முடிந்து ஒச்சம்மாள் நிதானமாக வந்தாள். கோயில் வாசலில் அவள் "வாரேன் சாமி!" என்று சொன்னது மடைவரைக்கும் கேட்டது. கொடிக்காலுக்குள் போய்ப் பார்த்தாள். பாதிக்கு மேல் பிழைக்கும் போலிருந்தது. மேல ஓரம் நாலைந்து வரிசை போனது போனதுதான். எள்ளில் பாதி போயிருந்தது. இரண்டு பேரும் மடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் உச்சி மணி அடித்தது. இரண்டு நாள் சும்மா இருந்த கையின் தினவை எல்லாம் சந்தியாகு அதில் தீர்த்துக்கொண்டார். முறைப்படி இப்போது மடை நல்லகாமனுக்கு. ஒச்சம்மாள் எழுந்து ஒதுங்கினாள்.

"அண்ணே, மணி அடிக்குது."

நல்லகாமன் வானத்தைப் பார்த்தார். "எங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"அண்ணே, சத்தியம்..."

"காதுல தண்ணி போயிருச்சு தங்கச்சி. ரெண்டு நாளா மந்தமாத்தான் இருக்கு."

முழங்கால் சேற்றில் நின்றவருக்குக் காதில் எப்படித் தண்ணீர் போனது என்று நான் கேட்கவில்லை. கேட்க நாக்கு துடித்தது. நேரே பேயாண்டியிடம் போய், காதில் விழாத மணிக்குச் சத்தியம் செல்லுமா என்று விசாரித்தேன். அவர் அரிவாளைக் கீழே வைத்தார். "அதக் கருப்பன்கிட்டக் கேட்டுத் தொந்தரவு பண்ணாதீக. இந்த வாரம் அவனும் ரொம்பக் கொழம்பிப் போயிருக்கான்" என்றார்.

அழுகுகிற எள்ளுக்கு இன்னொரு சொட்டுத் தண்ணீரும் ஆகாது என்பதால் நல்லகாமனுக்குக் காது கேட்காமல் போனதா, வேறு ஏதாவது காரணமா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் எள்ளுக்காடு காய்ந்து வெடித்த பிறகும், அந்தப் பங்குனி முடிகிற வரைக்கும், உச்சி மணி மட்டும் அவர் காதில் விழவில்லை.